ஜோடி எண்ணூறு

“எவ்வளவு?”

வலது காலை வீட்டுக்குள் வைத்து இடது காலை இன்னும் வைக்காத நிலையில் லிஃப்ட்காரர் இந்தக் கேள்வியில் மாட்டிக்கொண்டார். கேட்டது அவர் மனைவி. ஒரு கையில் பிழிந்தும் பிழியாததுமாக ஒரு போர்வை, இன்னொரு கை இடுப்பில், பார்வை மட்டும் அவர் அக்குளில் இடுக்கியிருந்த அட்டைப்பெட்டியில்.

“எது எவ்வளவு?” என்றார் லிஃப்ட்காரர், கொஞ்சம் நேரம் சம்பாதிக்கலாமே என்று.

“பெட்டியில இருக்கறது.”

“ஷூம்மா. வேலைக்கு. மெஷின் ரூம்ல எண்ணெய் சிந்திக் கிடக்கு, சொன்னாக் கேக்கறானுங்களா? கால் வழுக்குது.”

“வழுக்கட்டும். எவ்வளவு?”

எட்டாயிரம். அதுதான் உண்மை. அந்த எட்டாயிரம் தொண்டை வரைக்கும் வந்தது. ஆனால் போர்வையிலிருந்து தரையில் சொட்டிக்கொண்டிருந்த தண்ணீரை அவர் பார்த்துவிட்டார். வீட்டில் துவைக்கிற மெஷின் நின்று ஏழு மாதம் ஆகிறது. ஊரில் உள்ள லிஃப்ட்டையெல்லாம் ரிப்பேர் செய்கிற மனிதர், “நானே பாத்துக்கறேன், வெளியாளைக் கூப்பிட்டா மானம் போயிடும்” என்று அதைக் கழற்றினார். கழற்றியதோடு சரி. ஏழு மாதமாக அந்த அம்மாள் கையால் துவைக்கிறாள். அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு எட்டாயிரம் என்று எப்படிச் சொல்வது? நாக்கு நுனியில் வைத்து ஒரு சுழி கழன்று விழுந்துவிட்டது.

“எண்ணூறு.”

“எண்ணூறா!”

போர்வையை நாற்காலியில் போட்டுவிட்டுப் பெட்டியைப் பிடுங்கினாள். ஷூவைத் திருப்பினாள், அடிப்பாகத்தைக் கட்டைவிரலால் அமுக்கினாள், உள்ளே கையை விட்டுத் துழாவினாள். அவரைக் கல்யாணம் செய்துகொள்வதற்கு முன்னால்கூட அவள் இவ்வளவு விசாரித்திருக்க மாட்டாள்.

“பரவாயில்லையே! எண்ணூறுக்கு இப்படி ஒரு ஷூவா? என் தம்பிக்கும் ஒரு ஜோடி வாங்கிட்டு வந்துடுங்க. ஒன்பதாம் நம்பர்.”

லிஃப்ட்காரர் மறுப்பு யோசித்து முடிப்பதற்குள் சமையலறை டப்பாவிலிருந்து எட்டு நூறுகள் வந்து அவர் சட்டைப்பையில் உட்கார்ந்துவிட்டன.

இவருக்கு எதற்கு எட்டாயிரத்துக்கு ஷூ என்று கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான். மனிதர் மலை ஏறப் போகிறார்.

இருபத்திரண்டு வருடமாக ஏறுவதும் இறங்குவதும்தான் அவர் தொழில். ஆனால் ஏறினதெல்லாம் நாலு சுவருக்கு நடுவில், இருட்டில், கிரீஸ் வாசனையில். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு நாள், இருபது மாடிக் கட்டிடம் ஒன்றின் உச்சியில் வேலை முடிந்து மொட்டைமாடிக் கதவைத் திறந்தார். தூரத்தில் மலை தெரிந்தது. நீலமாக, யாரையும் கேட்காமல் நின்றுகொண்டிருந்தது. ‘இத்தனை வருஷமா ஏறி நாம ஒண்ணையுமே பார்க்கலியே’ என்று அவருக்கு அழுகையே வந்துவிட்டது. அன்றைக்குப் பிடித்த பைத்தியம்.

மலையேற்றக் கழகம் என்று ஒன்று, அவர் மாதாமாதம் லிஃப்ட் பார்க்கிற கட்டிடத்திலேயே மூன்றாவது மாடியில் இருந்தது. புதியவர்களுக்கு ஆறு நாள் பயிற்சி, கடைசி நாள் சிகரம். கட்டணம் முப்பதாயிரம். கயிறும் தலைக்கவசமும் அவர்கள் தருவார்கள், மற்றதெல்லாம் நம் பொறுப்பு. பதிவேட்டுக்காரர் தலையை நிமிர்த்தாமலே அவர் பெயரை எழுதிக்கொண்டார்.

“மொத்தம் பன்னிரண்டு இடம். நீங்க பன்னிரண்டாவது. பத்தாம் தேதிக்குள்ள பணம் வரலேன்னா பேரை அடிச்சுடுவேன். அப்புறம் அடுத்த வருஷம்தான்.”

“அடிக்க வேண்டியிருக்காது சார்.”

அவ்வளவு உறுதியாகச் சொல்லக் காரணம் இருந்தது. மூன்று வருட ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் முழுக்க, ஐம்பதாயிரம், லிஃப்ட் மெஷின் ரூமில் ஒரு பழைய ஆணி டப்பாவுக்குள் இருந்தது. சர்வீஸ் படிவத்தின் பின்பக்கத்தில் அவர் பட்ஜெட் போட்டார். கட்டணம் முப்பது, ஷூ எட்டு, குளிர் தாங்கும் ஜாக்கெட் ஐந்து, முதுகுப்பை நான்கு, உள்ளே புகுந்து படுக்கும் பை மூன்று. கூட்டினால் சரியாக ஐம்பது. இப்படி ஒரு கணக்கு வாழ்க்கையில் அவருக்கு ஒத்து வந்ததே இல்லை. அந்தத் தாளைச் சட்டைப்பையிலேயே வைத்திருந்து, சட்டை துவைக்கப் போய், தாள் கூழாகித் திரும்பி வந்தது தனிக் கதை. ஞாபகத்திலிருந்து இன்னொன்று எழுதிக்கொண்டார்.

வீட்டில் மூச்சு விடவில்லை. ‘கம்பெனிப் பயிற்சி, ஆறு நாள் வெளியூர்’ என்று சொல்லிக்கொள்ளலாம். ஐம்பதாயிரம் இருக்கிறது என்று தெரிந்தால், மெஷினும் ஏழு மாதமும் முதல் கேள்வியிலேயே வந்துவிடும். அது அவருக்கே உறுத்திக்கொண்டுதான் இருந்தது. உறுத்தலோடுதான் ஷூ வாங்கினார்.

இப்போது மச்சானுக்கும் வாங்கினார். எண்ணூறு அவள் பணம், ஏழாயிரத்து இருநூறு ஆணி டப்பா. போனால் போகிறது, ஜாக்கெட்டும் முதுகுப்பையும் கழிந்தது என்று பட்ஜெட்டில் இரண்டு வரியை அடித்தார். வேலைக்குப் போடும் மழைக்கோட்டு இருக்கிறது. கருவிகள் எடுத்துப் போகும் தோள்பை இருக்கிறது. ஸ்பேனர்களை வெளியே கொட்டினால் அதுவும் பைதானே?

மச்சான் கூரியர் வேலை பார்ப்பவன். நாள் முழுக்கப் படி ஏறி இறங்குகிற கால். ஷூவைப் பார்த்ததும் கட்டிப்பிடித்துக்கொள்வான் என்று லிஃப்ட்காரர் எதிர்பார்த்தார். அவனோ கண்ணுக்கு அருகில் வைத்து நூல் நூலாகப் பார்த்தான்.

“இந்த இடத்துல தையல் கொஞ்சம் கோணலா இருக்கே, அத்தான்.”

“என்னது?”

“இல்ல, குடுக்கற விலைக்கு இன்னும் கொஞ்சம் நல்லா இருக்கலாம்னு பார்த்தேன்.”

லிஃப்ட்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. குடுக்கற விலைக்கா? எண்ணூறுக்கு இவன் தங்கச் சரிகையா எதிர்பார்த்தான்? மனைவியைப் பார்த்தார். அவள் ஜன்னல் திரையைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

“சரி, எந்தக் கடை அத்தான்? எங்க ஆபீஸ்லயும் கேக்கறாங்க. நானே போய்…”

“போகாதே!” என்று கத்திவிட்டார் லிஃப்ட்காரர். இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். “அதாவது… அந்த விலை எனக்கு மட்டும்தான். கடை லிஃப்ட்டை நான்தான் பார்க்கறேன். அந்தப் பழக்கத்துல குடுக்கறாரு.”

அந்தக் கடையில் லிஃப்ட்டே கிடையாது. தரைத்தளம். வாசலில் ஒரே ஒரு படி. ‘மாட்டினோம்’ என்று அவர் வியர்த்துக்கொண்டிருந்தபோது மனைவிதான் காப்பாற்றினாள்.

“ஆமாம்ப்பா, நீ போனா கடைக்காரன் முழு விலை சொல்லுவான். யாருக்கு வேணும்னாலும் என்கிட்ட சொல்லுங்க, பணத்தையும் என்கிட்டயே குடுங்க. அத்தான்கிட்ட பணத்தைப் பத்திப் பேசாதீங்க, கூச்சப்படுவாரு.”

லிஃப்ட்காரர் மனதுக்குள் அவளுக்கு ஒரு கும்பிடு போட்டார். எப்பேர்ப்பட்ட மனைவி! ஒன்றும் தெரியாமலே ஆபத்திலிருந்து தூக்கிவிட்டாளே.

தூக்கிவிட்டது இரண்டு நாள்தான் தாங்கியது.

“என் தங்கச்சிக்கு ஏழாம் நம்பர், அவ வீட்டுக்காரருக்குப் பத்து,” என்று ஆயிரத்து அறுநூறை நீட்டினாள்.

“அவங்களுக்கு எதுக்கு?”

“அவ நர்ஸ், நாள் பூரா நிக்கறா. அவர் பெயிண்டர், ஏணியில நிக்கறாரு. நிக்கறவங்களுக்கு ஷூ வேண்டாமா? நீங்க மட்டும் வழுக்காம இருந்தாப் போதுமா?”

கடைக்குப் போனார். கடைக்காரர் வாயெல்லாம் பல்லாக வரவேற்றார்.

“வாங்க வாங்க! உங்க குழுவுல இன்னும் ரெண்டு பேரா? மொத்தம் எத்தனை பேர் சார் ஏறப் போறீங்க?”

“ஏறப் போறது நான் ஒருத்தன்தான்.”

கடைக்காரருக்குப் புரியவில்லை. லிஃப்ட்காரருக்கே புரியாதபோது அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

“நாலு ஜோடி ஆயிடுச்சே, விலையில ஏதாவது குறைப்பீங்களா?”

“விலை கம்பெனி விலை சார், கை வைக்க முடியாது. ஆனா உங்களுக்கு ஒண்ணு இலவசம்,” என்று ஒரு மஞ்சள் விசிலை எடுத்து வைத்தார். “மலையில வழி தவறிட்டீங்கன்னா மூணு தடவை ஊதுங்க. யாராவது வருவாங்க.”

அங்கேயே ஊதலாமா என்று லிஃப்ட்காரருக்குத் தோன்றியது.

டப்பாவில் மீதி இருபதாயிரத்து நானூறு. கட்டணத்துக்கே ஒன்பதாயிரத்து அறுநூறு குறைகிறது. படுக்கும் பையையும் அடித்தார். பட்ஜெட் தாளில் இப்போது கட்டணம் ஒன்றுதான் பாக்கி, அதற்கும் பணம் இல்லை. மச்சினி வீட்டில் ஷூ கொடுத்தபோது சகலை ஏணியை விட்டு இறங்காமலே வாங்கிக்கொண்டார்.

“இது அஞ்சு வருஷமாவது வரணும், இல்லையா?” என்று மேலிருந்து அதட்டலாக ஒரு கேள்வி வேறு.

“எண்ணூ… இது… வரும் வரும்.”

“வரணும். சும்மாவா குடுக்கறோம்?”

கிட்டத்தட்டச் சும்மாதானே கொடுக்கிறீர்கள்! வீடு திரும்பும் வழியெல்லாம் லிஃப்ட்காரர் குழம்பினார். இந்தக் குடும்பத்துக்கு நன்றி என்பதே கிடையாதா? அல்லது எண்ணூறு என்பது இவர்களுக்கெல்லாம் அவ்வளவு பெரிய பணமா? இவ்வளவு கஷ்டத்திலா இருக்கிறார்கள்? இது தெரியாமல் போனோமே என்று சகலைக்காகக் கொஞ்சம் வருத்தம்கூடப் பட்டார்.

இனிமேல் தடுத்தே ஆக வேண்டும். யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார்.

“ஏம்மா, ஒரு கெட்ட செய்தி. ஷூ விலை ஏறிடுச்சு.”

“எவ்வளவு?”

ஏற்றுவதுதான் ஏற்றுகிறோம், ஐயாயிரம் என்றே சொல்லியிருக்கலாம். ஆனால் பொய்யிலும் நியாயமாக நடக்கிற மனிதர். “ஆயிரத்து இருநூறு.”

“ஒரேயடியா நானூறா?” அவள் முகம் நிஜமாகவே வாடியது. கொஞ்ச நேரம் விரலை மடக்கி ஏதோ கணக்குப் போட்டாள். லிஃப்ட்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு அவள் நிமிர்ந்தாள். “அப்ப இன்னும் ஏறறதுக்குள்ள வாங்கிடணும். மூணு பேர் ரொம்ப நாளாக் கேட்டுட்டே இருக்காங்க. இன்னிக்கே சொல்லிடறேன்.”

ஒரு மணி நேரத்தில் மூன்று நம்பர்களும் மூவாயிரத்து அறுநூறும் அவர் கையில் இருந்தன. மச்சினியோடு வேலை பார்க்கும் இரண்டு நர்ஸுகள், மச்சானின் மேலதிகாரி ஒருவர். அந்த மேலதிகாரியின் காலை லிஃப்ட்காரர் ஆயுளில் பார்த்ததில்லை, பார்க்கப் போவதும் இல்லை. அந்தக் காலுக்காக இருபது ஞாயிற்றுக்கிழமை அவர் கிரீஸில் புரண்டிருக்கிறார்.

ஆணி டப்பா காலி. கடைசி நோட்டை எடுத்த பிறகு உள்ளே பார்த்தார். ஒரு ஆணி இருந்தது.

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொல்லத்தான் சமையலறை வாசலில் போய் நின்றார். “உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்” என்று ஆரம்பிக்கவும் செய்தார். அவள் பக்கெட்டிலிருந்து நிமிர்ந்து, “சொல்லுங்க” என்று நெற்றி வியர்வையைப் புறங்கையால் துடைத்தாள். முகத்தில் இத்தனை நாளாக இல்லாத களை. என்னமோ இருபது வயது குறைந்தாற்போல இருந்தாள். ஏழு மாதம் துவைத்த பெண்ணுக்கு எங்கிருந்து வந்தது இவ்வளவு உற்சாகம்? அதைக் கெடுக்க அவருக்கு மனம் வரவில்லை.

“சோப்பு தீர்ந்துடுச்சா?” என்றார்.

“இருக்கு.”

“சரி.”

மறுநாள் போர்மேனிடம் முப்பதாயிரம் முன்பணம் கேட்டார். போர்மேன் அரை நிமிடம் சிரித்துவிட்டு டீ வாங்கிக் கொடுத்தார். பத்தாம் தேதிக்கு இன்னும் நான்கு நாள். யாரிடமாவது கைமாற்று வாங்கிவிடலாம், ஆனால் அதற்கு முன்னால் இந்த ஷூ வியாபாரத்தை நிறுத்தியாக வேண்டும், இல்லாவிட்டால் வாங்குகிற கடனும் அதற்குள்ளேயே போகும். இந்த முறை விலையைத் தொடக் கூடாது, சரக்கையே கெடுத்துவிட வேண்டும் என்று முடிவு செய்தார்.

அன்று மாலை வாசலிலிருந்தே நொண்டிக்கொண்டு வந்தார்.

“ஐயோ, என்னங்க ஆச்சு?”

“இந்த ஷூதாம்மா. காலைப் பிச்சு எடுக்குது. படு மட்டம். எண்ணூறுக்கு எண்ணூறு மாதிரிதானே இருக்கும்? இனிமே யாருக்கும் வாங்காதே, பாவம். நம்ம பேர்தான் கெடும்.”

“அடடா.” அவள் குனிந்து லேஸை அவிழ்த்தாள். பரிவாக இரண்டு ஷூவையும் கழற்றினாள். பாதத்தைத் தடவிப் பார்த்தாள். லிஃப்ட்காரருக்கு உள்ளம் குளிர்ந்தது. நடிப்பு பலித்துவிட்டது.

“உங்க காலுக்கு ஒத்துக்கலை, அவ்வளவுதான். மேல் வீட்டு டிரைவிங் வாத்தியாருக்கும் இதே நம்பர். கேட்டுட்டே இருந்தாரு.”

“ஏய், அது நான் போட்ட ஷூ…”

“ரெண்டு வாரம் போட்டதுக்கு இருநூறு குறைச்சுக்கலாம்,” என்று அறுநூறை அவர் கையில் திணித்துவிட்டு, ஈரத்துணியால் ஷூவைத் துடைத்துக்கொண்டே மாடிப்படி ஏறிவிட்டாள். நொண்டியவர் பின்னால் ஓட முடியுமா? நொண்டி ஆயிற்றே. அப்படியே நின்றார்.

ஆக, மலை ஏறக் கிளம்பிய மனிதரிடம் இப்போது ஒரு மழைக்கோட்டு, ஒரு விசில், ஒரு ஆணி, அறுநூறு. ஊரில் ஏழு பேர் மலை ஏறும் ஷூவில் தரையில் நடந்துகொண்டிருந்தார்கள். எந்த இடத்தில் தப்பு நடந்தது என்று விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். ஒரு சுழியைத் தவிர வேறு ஒரு தப்பும் அவருக்குத் தட்டுப்படவில்லை.

கைமாற்றுக்கு மூன்று பேரைக் கேட்டார். முதல் ஆள் இவரிடமே கேட்டார். இரண்டாவது ஆள் போனை எடுக்கவில்லை. மூன்றாவது ஆள் அந்த வாரம்தான் ஒரு நல்ல ஷூ வாங்கிக் கையைச் சுட்டுக்கொண்டாராம்.

ஒன்பதாம் தேதி மதியம் மலையேற்றக் கழகத்துக்குப் போனார். பத்தாம் தேதி அவர்களாக அடிப்பதைவிட, நாமே போய்ச் சொல்லிவிட்டால் மரியாதையாக இருக்கும். லிஃப்ட் வேலை செய்துகொண்டிருந்தது, அவர் கைபட்ட லிஃப்ட்தான். ஆனாலும் படி வழியாகவே ஏறினார். மூன்று மாடிதான். அதுவாவது ஏறினதாக இருக்கட்டும் என்று தோன்றியது. செருப்பு ஒவ்வொரு படியிலும் சப்சப்பென்று அடித்தது.

அறையில் சுவர் முழுக்க மலைப் படங்கள். பதிவேட்டுக்காரர் வழக்கம்போலக் குனிந்திருந்தார்.

“சார், பன்னிரண்டாவது பேர். நான் வரலை. அடிச்சுடுங்க.”

“காரணம்?”

“பட்ஜெட் கொஞ்சம்… ஷூவுலயே முடிஞ்சு போச்சு.”

“புதுசா வர்றவங்க எல்லாரும் செய்யற தப்பு சார் அது. முதல்ல கட்டணம், அப்புறம்தான் ஷூ.” பேனாவைத் திறந்தார். “நிச்சயமா அடிச்சுடட்டுமா? அடிச்சா அடிச்சதுதான்.”

லிஃப்ட்காரர் சுவரில் இருந்த மலையைப் பார்த்தார். மூன்று வருடம் ஆசைப்பட்டது. சரி, அவளாவது சந்தோஷமாக இருக்கிறாள், உறவுக்காரர்கள் கண்ணில் அவளுக்கு ஒரு மதிப்பு கிடைத்திருக்கிறது, அதற்காவது அந்தப் பணம் உதவியதே என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

“அடிச்சுடுங்க சார்.”

பேனா ஒரு கோடு இழுத்தது. பதிவேட்டுக்காரர் முதல் முறையாகத் தலையை நிமிர்த்தினார். ஆச்சரியமாக, சிரிக்கவும் செய்தார்.

“வருத்தப்படாதீங்க சார், உங்க இடம் வீணாப் போகாது. யாராவது விலகினா உடனே சொல்லுங்க, நானும் மலை ஏறணும்னு ஒரு அம்மா தினமும் வந்து கேட்டுட்டுப் போறாங்க. புருஷன் எண்ணூறுக்கு வாங்கிட்டு வர்ற ஷூவை ஏழாயிரத்துக்கு வித்து, முழுப் பணத்தையும் தயாரா வச்சிருக்காங்களாம்!”